இழுப்பறைக்குள் போன சீட்டு

ஹோட்டல்காரம்மா என் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் தொங்கிய கயிற்றில் கோத்துக்கொண்டார். துரையின் பாஸ்போர்ட்டும் துரைசாணியின் பாஸ்போர்ட்டும் அதே இழுப்பறைக்குள்தான் போயின. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. என் தாள் உள்ளே போனதும் பூட்டு விழுந்த சத்தமும்தான் எனக்குத் தெரிந்தது. கையில் காய்ச்சலோடு குழந்தை இல்லாதிருந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஊர் வடக்கு இத்தாலியில் நோவாரா. சத்தமில்லாத ஊர். ரயில் நிலையத்துக்கு எதிரே மூன்று மாடி ஹோட்டல், பச்சைப் பலகை ஜன்னல்கள், கீழே நாலைந்து மேசை போட்ட சாப்பாட்டு அறை. இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். நான் இலங்கையில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தேன். துரை ஆறு மாத லீவில் குடும்பத்தோடு சீமைக்குப் புறப்பட்டபோது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப் போனார்கள். மூத்தவள் ஏழு வயதுப் பெண், பாப்பா என்று கூப்பிடுவேன். அவளுக்கு ஆயா தேவையில்லை, ஆனால் என்னை விட்டு நகரமாட்டாள்.

எனக்கும் ஒரு பெண் இருந்தாள். நாலு வயது. அவளை என் அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். என் வீட்டுக்காரர், “போயிட்டு வா, அடுத்த கவாத்து முடியறதுக்குள்ள வந்துருவ,” என்று சொல்லி நானுஓயா வரை வந்து ரயில் ஏற்றிவிட்டார். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டி மலை மறுபடி பச்சை பிடிப்பதற்குள் வந்துவிடுவேன் என்று நானும் நினைத்தேன்.

எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வம்சம் என்று எங்களை இலங்கை நாட்டுக்காரராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் காத்திருந்தோம். துரை கொழும்புக்கு நாலு தடவை போய் என் படம் ஒட்டிய ஒற்றைத் தாள் ஒன்றை வாங்கிவந்தார். அதுதான் எனக்குப் போகவும் வரவும் வழி. கப்பலில் பாப்பா அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் என்னிடம் தமிழ் கற்றவள். எங்கள் லயத்துப் பிள்ளைகள் மாதிரியே பேசுவாள்.

“ஆயா, இது உன் பேரு. இது உன் ஒசரம். இங்க எந்த நாடுன்னு எழுதணும்.”

“என்ன எழுதியிருக்கு பாப்பா?”

“ஒண்ணுமில்ல. கோடு கிழிச்சிருக்கு.”

கோடாவது இருக்கிறதே என்று வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

கப்பல் ஜெனோவாவில் எங்களை இறக்கியது. அங்கிருந்து ரயிலில் சீமைக்குப் போவதாக ஏற்பாடு. ரயில் ஏறி இரண்டு மணி நேரத்தில் குழந்தைக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ரயில் நின்ற ஊரில் இறங்கினோம். துரை எப்போதும் பெரிய ஹோட்டலில் தங்குகிறவர். அன்று கண்ணில் பட்ட முதல் பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்தார். நுவரெலியாவில் சீசன் நேரத்தில் அவர்களோடு ஹோட்டலுக்குப் போயிருக்கிறேன். அங்கே ஆயாக்கள் சமையல்கட்டு வழியாகப் போய்ப் பின்னால் இருக்கும் அறையில் படுக்க வேண்டும். அதுவரை எந்த ஹோட்டலிலும் முன்வாசல் வழியாக நான் நுழைந்ததில்லை. தாளைக் காட்டு என்று யாரும் கேட்டதுமில்லை.

நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்று தோட்டத்தில் வளராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அப்பா திம்புள்ளப் பக்கத் தோட்டத்தில் பேர் வெட்டிக்கொண்டு இந்தத் தோட்டத்துக்கு வந்தார். ஒரு தோட்டத்தை விட்டுப் போகிறவருக்கு அந்தத் தோட்டத்தில் பத்துச்சீட்டு கொடுப்பார்கள். அதைக் கொண்டுபோய்ப் புதுத் தோட்டத்து ஆபீசில் கொடுக்க வேண்டும். கணக்கப்பிள்ளை அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் பேர் பதிவார். அன்று அப்பா ஆபீஸ் படியில் இறங்கி வந்து எங்களிடம், “சீட்டு உள்ள போயிருச்சு. இனிமே நாம இந்தத் தோட்டத்து ஆளு,” என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் விடியும்போது பெரட்டில் அப்பா பேரைக் கூப்பிட்டார்கள். பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பது. எங்கள் லயத்தில் ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு வருடம் ஆபீசுக்கு நடந்தார். சீட்டைக் கொடுக்கவே இல்லை. சாகும்வரை அதே தோட்டத்தில்தான் கிடந்தார்.

அதனால் ஹோட்டல்காரம்மா என் தாளைப் பூட்டியதும் எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்தது. என்னை இங்கே பதிந்துவிட்டார்கள்.

துரையிடம் கேட்டிருக்கலாம். அவருக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும். ஆனால் துரையிடம் நானாகப் பேசியதே இல்லை. “சலாம் தொரை,” “சரிங்க தொரை,” இந்த இரண்டும்தான் அத்தனை வருடத்தில் நான் அவரிடம் சொன்னது. அக்கா என்னை, “நீ வாயத் தொறக்குறதுக்குள்ள அரிசி வெந்துரும்டி,” என்று கேலி செய்வாள். அது உண்மை.

அன்று மாலை டாக்டர் வந்து பார்த்தார். குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, ஊரிலுள்ள ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டும் என்றார். துரைசாணி குழந்தையோடு ஆஸ்பத்திரியில் தங்கினார். துரை அங்கும் இங்கும் அலைந்தார். போகும்போது என்னைப் பார்த்து, “ஆயா, நீ இங்கே நில்லு. பாப்பாவைப் பாரு. அஞ்சு நாள்,” என்றார். ஐந்து நாள் யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை. பாப்பாவைப் பார்ப்பதற்கா, நான் இங்கே நிற்பதற்கா?

எங்களுக்கு மேல் மாடியில் ஒரு அறை. இரும்புக் கட்டில், பீங்கான் கூஜா, சுவரில் மாதா படம். சாவியில் தேங்காய்ச் சிரட்டை அளவுக்குப் பித்தளைக் கட்டி கோத்திருந்தது. அவ்வளவு பெரிய சாவியை நான் தேயிலை ஸ்டோரில்தான் பார்த்திருக்கிறேன். அதைத் தொடவே இல்லை. கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுப் பாப்பாவைக் கட்டிலில் போட்டு நான் தரையில் படுத்தேன்.

சாப்பாட்டுக்குச் சோறு கொடுத்தார்கள். அவரையோ பீன்சோ போட்டுக் குழைய வேகவைத்த சோறு. இந்த ஊரில் சோறு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ரயிலிலிருந்து பார்த்தபோது இருபக்கமும் தண்ணீர் நிறைந்த வயல்கள் கிடந்தன. இப்போது அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. வயல் இருந்தால் வயல் வேலை இருக்கும். வேலை இருந்தால் ஆள் வேண்டும்.

மறுநாள் காலை துரை கீழே வந்தபோது ஹோட்டல்காரம்மா இழுப்பறையைத் திறந்து இரண்டு பாஸ்போர்ட்டுகளை எடுத்துக் கொடுத்தார். துரை அவற்றைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனார். என் தாள் வரவில்லை. இழுப்பறையை மூடிவிட்டார். நான் மாடிப்படியில் பாதியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போகிறவர்கள், அவர்கள் சீட்டு வந்துவிட்டது. நான் நிற்கிறவள்.

அன்று சாயங்காலம் பாப்பா ஜன்னலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

“ஆயா, ஓடியா! இங்க பாரு, பெரட்டு!”

ரயில் நிலையத்துக்கு முன்னால் நூறு பேருக்குக் குறையாமல் பெண்கள் நின்றார்கள். சின்னப் பெண்களும் இருந்தார்கள், என் வயதுக்காரர்களும் இருந்தார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு மரப்பெட்டி அல்லது துணி மூட்டை. தோளில் அகலமான வைக்கோல் தொப்பி தொங்கியது. கையில் தாள் வைத்திருந்த ஒரு ஆள் பேர் பேராகக் கூப்பிட்டான். கூப்பிட்டவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரி பக்கம் போனாள். நெல் வயலில் களை பிடுங்க வெளியூர்களிலிருந்து அந்த மாதத்தில் பெண்களைக் கொண்டுவருவார்களாம். பின்னால் துரைசாணி சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்போது யாரும் சொல்லவில்லை.

“எங்க போறாங்க ஆயா?”

“வேலைக்கு.”

“ஒன் பேரையும் கூப்பிடுவான் பாரு! நல்லா காதக் குடுத்துக் கேளு,” என்று பாப்பா கைகொட்டிச் சிரித்தாள்.

நான் உண்மையாகவே காதைக் கொடுத்துக் கேட்டேன். கடைசிப் பேர் வரைக்கும் கேட்டேன். லாரி போன பிறகுதான் ஜன்னல் பலகையை விட்டேன். விரல்களில் பச்சைச் சாயம் ஒட்டியிருந்தது.

அன்று கூப்பிடவில்லை என்றால் நாளைக்குக் கூப்பிடுவார்கள் என்று எண்ணினேன். பேர் பதிந்த மறுநாள் பெரட்டுக்கு வராத ஆளுக்கு எங்கள் தோட்டத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் நாளே கெட்ட பேர் வாங்கினால், போகிறேன் என்று எப்போது கேட்டாலும் சீட்டைக் கொடுக்கமாட்டார்கள். நல்ல ஆள் என்று பேர் வாங்கினால் ஒருநாள் மனமிரங்கிக் கொடுத்தாலும் கொடுக்கலாம். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. விடியும் முன்பே எழுந்து முகம் கழுவி, சேலையைத் தூக்கிச் செருகி, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். ஹோட்டலுக்குப் பின்னால் கல் பாவிய முற்றம் இருந்தது. அங்கே சுவர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றேன். யாராவது வந்து பேர் கூப்பிடுவார்கள் என்று நின்றேன்.

நன்றாக வெளுத்த பிறகு ஹோட்டல்காரம்மா கதவைத் திறந்தார். கையில் நாய்க்கோ கோழிக்கோ வைக்க ஏதோ சட்டி. என்னைப் பார்த்ததும் வீலென்று கத்திச் சட்டியைக் கீழே போட்டார். கறுப்பு உடுப்புப் போட்ட பருத்த அம்மாள்; நெஞ்சில் கைவைத்துக்கொண்டு என்னென்னவோ கேட்டார். நான், “சலாம்ங்க,” என்றேன். பிறகு குனிந்து சட்டியில் சிந்தியதைக் கூட்டி அள்ளினேன். மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து முற்றம் முழுவதும் பெருக்கினேன். அவர் துடைப்பத்தைப் பிடுங்கினார். சரியாகப் பெருக்கவில்லை என்று நினைத்து மறுபடி வாங்கி இன்னும் அழுத்திப் பெருக்கினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் பால் காப்பி கொண்டுவந்து என் கையில் திணித்தார். எனக்கு அது இன்னும் பயமாகிவிட்டது. புதிதாக வந்த ஆளுக்குத்தான் முதல் நாள் அப்படிக் கொடுப்பார்கள்.

மூன்று நாள் இப்படி நடந்தது. முற்றம் பெருக்கினேன், பாத்திரம் தேய்த்தேன், படிக்கட்டைத் துடைத்தேன். முதல் நாள் தடுத்த அம்மாள், பிறகு தோளைக் குலுக்கிவிட்டு விட்டுவிட்டார். ஒரு நாள் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துத் தடவிக்கொடுத்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் கங்காணி கையைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார் என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள்.

பாப்பா மட்டும் கேட்டாள். “ஆயா, நீ ஏன் இங்க வேல செய்யிற? அப்பா சொன்னாரா?”

“இல்ல கண்ணு. சும்மாதான்.”

“பொய் சொல்ற. ஒன் மூக்கு செவந்து போச்சு.”

ஐந்தாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது. துரைசாணி குழந்தையோடு வந்தார். பெட்டிகளைக் கட்டினோம். துரை கீழே போய் என் தாளைக் கேட்டார். ஹோட்டல்காரம்மா இழுப்பறையை முழுவதும் இழுத்து வெளியே வைத்துக் காட்டினார். தாள் அதில் இல்லை.

தங்குகிறவர்களின் தாளை அந்த ஊர்ப் போலீசில் காட்ட வேண்டுமாம். நாங்கள் வந்த அன்றே ஹோட்டல்காரம்மா கொண்டுபோய்க் காட்டியதில் பாஸ்போர்ட் இரண்டும் உடனே திரும்பிவிட்டன. என் தாளை மட்டும் அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்படி ஒரு தாளை அவர்கள் பார்த்ததில்லை. துரையும் துரைசாணியும் சாப்பாட்டு அறையில் மெதுவாகப் பேசினார்கள். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. பாப்பா என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் சொன்னாள்.

“அப்பா சொல்றாரு, நேரமாகும்னா ஆயா இங்கயே இருக்கட்டும், திரும்பி வரும்போது கூட்டிக்கலாம்னு.”

“அம்மா என்ன சொல்றாங்க?”

“அப்புறம் கொழந்தைய யாரு பாக்குறதுன்னு கேக்குறாங்க.”

நான் நினைத்துப் பயந்தது தப்பு என்று அன்றைக்குத் தெரிந்தது. யாரும் என்னைப் பேர் பதியவில்லை. ஆனால் அது தெரிந்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை. நான் நினைத்ததில்தான் தப்பு இருந்தது; பயந்ததில் தப்பு இல்லை. ஆறு மாதம் இங்கே, தாள் இல்லாமல், பேச்சுத் தெரியாமல். அவர்கள் வேறு வழியாகக் கப்பல் ஏறிவிட்டால்? என் பெண்ணின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். சரியாக வரவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருந்தது.

துரை என்னைப் போலீஸ் ஆபீசுக்குக் கூட்டிப்போனார். ஹோட்டல்காரம்மாவும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். ஏன் வந்தார் என்று தெரியவில்லை. அங்கே நரைத்த மீசை வைத்த ஒரு அதிகாரி இருந்தார். யுத்தத்தில் பிடிபட்டு இந்தியாவில் கைதியாக இருந்தவராம். கொஞ்சம் இங்கிலீஷ் பேசினார். என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னார். அது இந்தி என்று துரை சொன்னார். எனக்குப் புரியவில்லை. அவர் முகம் வாடிப்போனது.

இரண்டு பேரும் பேசினார்கள். துரை குரலை உயர்த்தினார். அதிகாரி தாளை விரித்து அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தார். ஹோட்டல்காரம்மா நடுவில் புகுந்து கையை ஆட்டிப் பேசினார். துடைப்பம் பிடிப்பதுபோல் செய்து காட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. கடைசியில் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். தாளை மடித்தார். மேசை இழுப்பறையை இழுத்தார்.

நான் எப்படி அதைச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேசைக்குக் கிட்டப் போய் அந்தத் தாளின் மேல் என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

“ஐயா, சீட்டக் குடுத்துருங்கய்யா. ஊர்ல எனக்கு நாலு வயசுப் புள்ள இருக்கு. இது உள்ள போனா நான் போகமுடியாதுங்கய்யா.”

துரை, “ஆயா!” என்று அதட்டினார். நான் கையை எடுக்கவில்லை. அதிகாரி துரையிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்டார். துரை சொன்னார். எவ்வளவு சொன்னாரோ தெரியாது. அதிகாரி கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு கேட்டதைத் துரை என்னிடம் திருப்பிக் கேட்டார்.

“புள்ளை எங்கே இருக்கு?”

“அக்கரப்பத்தனை,” என்றேன்.

அவர் மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவை சொன்னேன். அதிகாரி பேனாவை மையில் தொட்டு, அந்தப் பேரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே கோட்டுக்கு மேலேயே நீளமாக எழுதி, முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்தார். துரை கையை நீட்டினார். ஆனால் அதிகாரி தாளை என் கையில் கொடுத்தார்.

அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் துரைசாணி கேட்டால்கூட நானே எடுத்துக் காட்டி நானே வாங்கிக்கொண்டேன். ஹோட்டல்காரம்மா ரயில் நிலையம் வரை வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த மூன்று நாளும் நான் எதற்காக அவர் முற்றத்தைப் பெருக்கினேன் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

ஆறு மாதம் கழித்துக் கொழும்பில் இறங்கியபோது துறைமுக ஆபீசில் அந்தத் தாளை வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்தவர்கள் கொடுத்துவிட வேண்டுமாம். அங்கிருந்தவர் அந்த எழுத்தைப் பார்த்து, “இது யார் எழுதியது?” என்று கேட்டார். அவரும் இழுப்பறையில் போட்டார். நான் ஊர் வந்து சேர்ந்துவிட்டதால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நானுஓயாவில் என் பெண் அக்காவின் பின்னால் ஒளிந்துகொண்டு என்னிடம் வரமாட்டேன் என்றாள்.

எங்கள் குடியுரிமை மனு தள்ளுபடியாகிவிட்டது. இப்போது இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் பேசி முடித்துவிட்டார்களாம். எங்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று. போன மாதம் நுவரெலியாவில் ஒரு ஆபீசுக்குப் போய்ப் படிவம் கொடுத்தோம். எந்த நாடு என்று அதிலும் ஒரு இடம் இருந்தது. என் வீட்டுக்காரர் இலங்கை என்று எழுதச் சொன்னார். பெண்தான் எழுதினாள். அவள் கையெழுத்து அழகாக இருக்கும்.

கிளார்க் எங்கள் தாள்களை எல்லாம் சேர்த்துக் கட்டி இழுப்பறைக்குள் வைத்தார். நான் கையை நீட்டினேன். இடையில் கம்பி வலை அடித்திருந்தது. என் விரல்தான் அதற்குள் போனது.

“என்ன அம்மா?” என்றார் அவர்.

“ஒண்ணுமில்லைங்க,” என்றேன்.

“வாங்கம்மா, பஸ் போயிரும்,” என்று என் பெண் தோளைப் பிடித்து இழுத்தாள். இன்னும் பதில் வரவில்லை.